பாவாயி கொண்டுவந்த தனி வகுப்பு

மேலச்சோலை ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்குத் தனி வகுப்பு வந்ததற்கு மூல காரணம் பாவாயி. சுவரில் பதித்த கல்லில் அவள் பெயர் இல்லை. கல்லில் பெயர் இருக்கிற பெரிய மனிதர்களில் ஒருவர்கூட அந்த மலைக்கு இரண்டாம் தடவை ஏறி வந்ததில்லை. அது கிடக்கட்டும். கல்லில் பெயர் வெட்டியிருந்தாலும் அவளுக்கு என்ன தெரிந்திருக்கப் போகிறது, எழுத்துத் தெரியாதவள்.

பாவாயிக்கு ஒரே மகள், அத்தாயி. இரண்டு வயதில் வந்த ஒரு காய்ச்சல் பிள்ளையின் உயிரை விட்டுவிட்டுக் காதை எடுத்துக்கொண்டு போனது. காது போனால் பேச்சு எங்கிருந்து வரும்? ஊர் அவளை ஊமைச்சி என்றது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஆனால் அத்தாயி மந்தம் இல்லை. எதையும் கண்ணாலேயே பிடித்துக்கொள்கிற பிள்ளை. அம்மா களி கிண்டினால் பக்கத்தில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு தானும் கிண்டுவாள். அம்மா கொண்டை முடிந்தால் இல்லாத கொண்டையைத் தானும் முடிவாள். ஒரு தடவை பார்த்தால் போதும், அந்த வேலை அவள் கைக்கு வந்துவிடும். பாவாயிக்கு அதில் சொல்லி மாளாத பெருமை.

அத்தாயிக்கு ஆறு வயதிருக்கும்போது சேர்வராயன் கோயில் நோம்பியில் தொலைந்துபோனாள். வைகாசி மாதத்துத் திருவிழாக் கூட்டம், போதாததற்குப் பனிமூட்டம். கையை விட்டது ஒரு நொடிதான். மைக்கில் கூப்பிடுகிறோம் என்றார்கள். காது கேட்காத பிள்ளையை மைக்கில் கூப்பிட்டு என்ன பயன்? அவளைக் கண்டெடுத்த கீழ்நாட்டுக் குடும்பம் நல்ல குடும்பம். பேர் என்ன, ஊர் எது, அப்பன் யார் என்று கேட்டுக் கேட்டுச் சலித்து, சேலத்தில் போலீசில் ஒப்படைக்கலாம் என்று பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். வண்டி கிளம்புகிற நேரத்தில் பாவாயியின் புருஷன் ஐயாக்கண்ணு ஜன்னலோரம் மஞ்சள் பாவாடையைப் பார்த்தான். பார்த்திருக்காவிட்டால் பிள்ளை அன்றோடு போயிருக்கும்.

அதற்குப் பிறகு பாவாயிக்கு உலகத்தில் ஒரே ஆசைதான் மிஞ்சியது.

“அவளுக்கு நான் கலெக்டர் உத்தியோகமா கேக்கறேன்? பேரும் ஊரும் எழுதத் தெரிஞ்சாப் போதும். தொலைஞ்சாலும் எழுதிக் காட்டிருவா. நான் செத்தாலும் அவளுக்கு வாய் இருக்கும்” என்பாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர் பெருமாள் தடுக்கவில்லை. சேலத்துக்காரர், தினம் பஸ்ஸில் ஏற்காடு வந்து, அங்கிருந்து எந்த எஸ்டேட் ஜீப் கிடைக்கிறதோ அதில் தொற்றிக்கொண்டு வருகிறவர். “உக்காந்துட்டுப் போகட்டும்மா, காசா பணமா” என்றார். அத்தாயி மூலையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அடுத்த வீட்டு லட்சுமி. வாத்தியார் போர்டில் எழுதுவார், லட்சுமி விரலால் காட்டுவாள், அத்தாயி பார்த்து எழுதுவாள். பாடம் நடத்துகிறோம் என்று யாரும் நினைக்காமலே பாடம் நடந்துகொண்டிருந்தது. மூன்றாம் வகுப்பில் ஒருநாள் சிலேட்டில் என்னவோ எழுதிக்கொண்டு ஓடிவந்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஐயாக்கண்ணு படித்தான்: “அத்தாயி.” அந்தச் சிலேட்டை அழிக்க விடாமல் பாவாயி அடுக்குப்பானை மேல் ஏற்றி வைத்துவிட்டாள். வாத்தியாரிடம் சொல்லி வேறு சிலேட்டு வாங்கிக்கொண்டாள். பேர் வந்துவிட்டது, இனி ஊர் ஒன்றுதான் பாக்கி.

அப்படியே விட்டிருந்தால் அடுத்த வருஷத்துக்குள் லட்சுமியே ஊர்ப்பெயரையும் சொல்லிக் கொடுத்திருப்பாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்க ஒரு ஆண்டி வேண்டுமே. எண்பத்தேழில் அரசாங்கம் ஒரு திட்டத்தோடு வந்தது.

“ஊனமுள்ள பிள்ளைங்களுக்குத் தனி வகுப்பு குடுக்கறாங்களாம். தனி ரூமு. சேலத்துல அதுக்குன்னே ட்ரெயினிங் எடுத்த டீச்சரம்மா வருவாங்க. ஆனா எட்டுப் பிள்ளைங்க காட்டோணும். நம்ம கிட்ட உன் பொண்ணு ஒருத்திதானே இருக்கா” என்றார் பெருமாள்.

“நான் கொண்டாறேனுங்க சார்” என்றாள் பாவாயி.

கொண்டுவந்தாள். காட்டு வேலை இல்லாத நாளெல்லாம் கரடியூர்ப் பக்கம் ஏறினாள், தலைச்சோலைப் பக்கம் இறங்கினாள். மலையில் இப்படிப்பட்ட பிள்ளைகளை வெளியே காட்ட மாட்டார்கள். விருந்தாளி வந்தால் உள்ளே விட்டுச் சாத்திவிடுவார்கள். பாவாயி கதவைத் தட்டி உட்கார்ந்துகொண்டாள். “என்ற பொண்ணையும் அதே ரூமுலதானே உடறேன், கெட்டது நடந்தா என்னைக் கேளு” என்று சத்தியம் பண்ணினாள். மந்தமான பிள்ளைகள் சிலர், பார்வை மங்கினவள் ஒருத்தி, வலிப்பு வருகிறவன் ஒருவன். அத்தாயியோடு சேர்த்து ஏழு தேறியது. எட்டாவதுக்கு ஆள் இல்லாமல், அதே பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த வீராயி மகன் குழந்தைவேலைப் பிடித்துச் சேர்த்தார்கள். அவனுக்கு ஒரு கால் சூம்பியிருந்ததே தவிரக் கணக்கில் புலி. காலுக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று வீராயி கேட்டாள். “கணக்கு சரியாகணுமில்லம்மா” என்றார் பெருமாள். அவர் சொன்ன கணக்கு வேறு.

ரூம் கட்டினார்கள். ரிப்பன் வெட்டினார்கள். அத்தாயி கையால் மாலை போட வைத்துப் போட்டோ எடுத்தார்கள். பார்வதி டீச்சர் வந்தாள்.

இந்த இடத்தில் ஒரு நல்ல வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். பார்வதி டீச்சர் தங்கம். படம் எழுதி, பக்கத்தில் பெயர் எழுதி, அந்தப் பொருளைக் கையில் தொட வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். அத்தாயி அதுவரை எழுதியதெல்லாம் கோலம் மாதிரி பார்த்துப் போட்டதுதான். எழுத்துக்குள்ளே பொருள் இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. மாடு என்று சிலேட்டில் எழுதிவிட்டு ஓடிப்போய் மாட்டைக் கட்டிக்கொண்ட பிள்ளையைப் பார்த்து ஐயாக்கண்ணு அழுதுவிட்டான். ஆனால் நல்லது நம் மலையில் எத்தனை நாள் தங்கும்? தீபாவளிக்கு முன்னாலேயே டீச்சரை ‘தற்காலிகமாக’ சேலத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்தத் தற்காலிகம் இன்னும் முடியவில்லை. பதிலுக்கு ஆள் வரவில்லை. ரூம் இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், டீச்சர் மட்டும் இல்லை.

இது எதுவும் பாவாயிக்குத் தெரியாது. கார்த்திகை பிறந்தால் மலையில் காப்பிப் பழம் பழுத்துவிடும். விடியுமுன் கூடையோடு செம்பாறை எஸ்டேட்டுக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவாள். பள்ளிக்கூடம் எப்படி என்று சைகையில் கேட்பாள், பிள்ளை தலையாட்டும். அதோடு சரி.

செம்பாறை எஸ்டேட்டில் பாவாயிக்குப் பிடித்த வேலை ஒன்று உண்டு, கொட்டை பொறுக்குகிற வேலை. காய்ந்து தோல் நீக்கின காப்பிக் கொட்டையை முறத்தில் பரப்பிக் கறுப்பு, உடைசல் எல்லாம் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். களத்து ஓரக் கொட்டகையில் உட்கார்ந்து செய்கிற வேலை. அட்டைக்கடி இல்லை, சரிவில் கால் வழுக்குகிற பயம் இல்லை. வயசான பெண்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் அதை நம்பித்தான் இருந்தார்கள். பொறுக்கும்போது பாவாயி வீட்டு வழக்கம் ஒன்று. சில பழத்தில் இரண்டு கொட்டைக்குப் பதில் ஒன்றே ஒன்று உருண்டையாக விளைந்திருக்கும், பீபெரி என்பார்கள். சோடி இல்லாமல் பிறந்தது சாமிக்குச் சொந்தம் என்பது அவள் ஆத்தாள் காலத்துப் பேச்சு. வருஷத்தின் முதல் மூட்டையில் ஒரு பிடி பீபெரியைத் துணியில் போட்டு, மூன்று முடிச்சுப் போட்டு, மூட்டை வாயில் செருகி வைப்பாள். மூட்டை தைக்கிற அன்று அதை எடுத்துக்கொண்டு, வைகாசியில் சேர்வராயனுக்குச் சேர்ப்பாள். எஸ்டேட் ரைட்டர்கூட அதைக் கண்டுகொள்ள மாட்டான். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் பக்கத்தில் உட்கார்ந்து அத்தாயியும் அதைப் பார்த்திருக்கிறாள்.

அந்த வருஷம் பொறுக்குகிற கொட்டகை திறக்கவே இல்லை.

“கொட்டை பொறுக்க ஆள் வேண்டாம். வேற எடத்துல ஆவுது. எல்லாரும் மேக்காலச் சரிவுல பழம் எடுக்கப் போங்க” என்றான் ரைட்டர் சேகர். எஸ்டேட்டின் கணக்கும் கூலியும் ஆளும் அவன் கையில்தான்.

“எந்த எடத்துலங்க?” என்று கேட்டாள் பாவாயி.

“அது உனக்கெதுக்கு? கம்மிக் கூலிக்குச் செய்யற கை கெடச்சா மொதலாளி உடுவாரா?”

வயசான பழனியம்மாள் மேற்குச் சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டது அந்த வாரத்தில்தான். அவளைக் கம்பில் கட்டின துணித் தொட்டிலில் தூக்கிக்கொண்டு போவதைப் பாவாயி களத்தில் நின்று பார்த்தாள். சேர்வராயன் உச்சி இருக்கிற திசையைப் பார்த்துத் திரும்பினாள். குனிந்து களத்து மண்ணை ஒரு பிடி வாரினாள்.

“எங்க பொழப்புல மண்ணைப் போட்ட கை எந்தக் கையோ, அந்தக் கை வெளங்காமப் போவோணும் சாமி! அழுவிச் சொட்டோணும்! ஒரு வாய் சோத்தை அள்ளித் திங்க முடியாமப் போவோணும்!”

மூன்று தரம் தூற்றினாள். ரைட்டர் சேகர் சிரிக்கத்தான் பார்த்தான். சிரிப்பு சரியாக வரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆபீசுக்குள் போய்விட்டான். பெண்களுக்கெல்லாம் ஒரு நிம்மதி. அன்றைக்குப் பாவாயி நன்றாகத் தூங்கினாள்.

பொங்கல் கழிந்தது. அத்தாயி ஒருநாள் பள்ளிக்கூடத்துப் பாவாடையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வந்தாள். முள்ளில் மாட்டிய கிழிசல் இல்லை. பல்லால் கடித்து நீளமாகக் கிழித்தது. ஏன் கிழித்தாய் என்று பாவாயி ஆங்காரமாகக் கேட்க, பிள்ளை கையைக் குவித்து என்னவோ காட்டியது. புரியவில்லை. முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் சில நாளில் பிள்ளைக்கு வலது ஆள்காட்டி விரலில் நகச்சுத்து வந்து வீங்கிக்கொண்டது. பாவாயி எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகிவிட்டாள். வலது கையால் சாப்பிட முடியவில்லை. பாவாயிதான் உருண்டை பிடித்து ஊட்டினாள். ஊட்டும்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மாசி மாதம் மூட்டை தைக்கக் கூப்பிட்டார்கள். கோணி ஊசியும் சணலும் எடுத்துக்கொண்டு பாவாயி ஸ்டோருக்குள் போனாள். வரிசையாக மூட்டைகள், ஒவ்வொன்றின் வயிற்றிலும் தகட்டு அச்சு வைத்துக் கறுப்பு மையில் அடித்த எஸ்டேட் பெயர். வேறு எந்த எழுத்தும் அவளுக்குத் தெரியாது; அந்த எழுத்தை மட்டும் இருட்டிலும் அடையாளம் சொல்வாள், அத்தனை வருஷம் தைத்திருக்கிறாள். கொட்டையைக் கையில் அள்ளிப் பார்த்தாள். சுத்தமாகப் பொறுக்கியிருந்தது. எந்தப் பாவி செய்தாளோ, கை வேலை தெரிந்தவள்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒரு மூட்டை வாயை மடித்தபோது உள்ளே கையில் என்னவோ தட்டியது. இழுத்தாள். சின்னத் துணிப் பொட்டலம், மேலே மூன்று முடிச்சு. உள்ளே ஒரு பிடி பீபெரி.

முதலில் பாவாயிக்குத் தான்தான் வைத்துவிட்டு மறந்துபோனோமோ என்று குழப்பம். இந்த வருஷம் தான் பொறுக்கவே இல்லையே என்பது அப்புறம்தான் உறைத்தது. துணியைப் பார்த்தாள். நீலத் துணி, பள்ளிக்கூடத்துப் பாவாடையின் ஓரம். கையைக் குவித்துப் பிள்ளை காட்டியது என்ன என்று இப்போது புரிந்தது.

கோணி ஊசியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். யாரும் கூப்பிட்டதாக அவள் காதில் விழவில்லை.

தனி வகுப்பின் கதவு வெளியே தாழ் போட்டிருந்தது. திறந்தாள். சுவரில் பார்வதி டீச்சர் ஒட்டிய மாடும் மரமும் நனைந்து பாதி உரிந்து தொங்கின. கீழே பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் செம்பாறை எஸ்டேட் மூட்டை. முறம் இல்லாத பிள்ளைகள் சிலேட்டில் கொட்டையைப் பரப்பியிருந்தார்கள். கணக்கில் புலியான குழந்தைவேல் உடைசலைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். அத்தாயி அம்மாவைப் பார்த்ததும் எழுந்து வந்து, நகச்சுத்து ஆறாத விரலை மடக்கிக்கொண்டு மற்ற விரல்களால் எவ்வளவு வேகமாகப் பொறுக்குகிறேன் பார் என்று செய்து காட்டினாள்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். பாவாயி சொந்த வாயால் வைத்துக்கொண்டாள். அழுகிச் சொட்டச் சொன்ன கை அதுதான்.

கதவுச் சத்தம் கேட்டுப் பெருமாள் வந்தார். அவர் ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை. தன்னை எல்லோரும் நல்லவர் என்று சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறவர், அவ்வளவுதான். அந்த ஆசைக்கு மற்றவர்கள் கொடுக்கிற விலை கொஞ்சம் அதிகம்.

“இது என்னங்க சார்? படிக்க உட்ட பிள்ளைங்களுங்க!”

“கைத்தொழில் பயிற்சிம்மா. அரசாங்கத்துப் புத்தகத்துலயே போட்டிருக்கு. டீச்சர் இல்ல, நான் ஒருத்தன் அஞ்சு வகுப்பை மேய்க்கறேன். இதுங்களைச் சும்மா ஒக்கார வெச்சா ஒன்னையொன்னு அடிச்சிக்குதுங்க. ரைட்டர்தான் யோசனை சொன்னாரு. பதிலுக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாத்திக் குடுத்தாரு எஸ்டேட்ல.”

“அப்ப என்ற பொண்ணை பழைய கிளாசுலயே உட்டுருங்க. மூலையில ஒக்காந்துக்கறா. லட்சுமி பாத்துக்குவா.”

“அது ஆவாதும்மா. தனி வகுப்பு இருக்கற பள்ளிக்கூடத்துல இவளைப் பொது வகுப்புல ஒக்கார வெச்சா எனக்கு நோட்டீஸ் வரும். இங்க இருக்கட்டும், இல்லாட்டி ஊட்டுல இருக்கட்டும்.”

போன வருஷம்வரை மூலையில் இடம் இருந்த பிள்ளைக்கு, தனியாக ஒரு ரூமே கட்டிக் கொடுத்த பிறகு இடம் இல்லாமல் போனது. பாவாயி அழப் போகிறாள் என்று பெருமாளுக்குப் பயம் வந்தது.

“இங்க பாரு, எழுத்தெல்லாம் உட்டுப்போவல. போன மாசம் பெரிய ஆபீசர் வந்தாரு. உன் பொண்ணு கையில சாக்பீசைக் குடுத்தாரு. என்னா அழகா எழுதினா தெரியுமா? ஆபீசரு முதுகுல தட்டிக் குடுத்து மிட்டாய் குடுத்தாரு. எல்லாரும் கை தட்டினோம். அதுலருந்து சாக்பீசைப் பாத்தாலே எழுதறா.”

“நெசமாலுமாங்க சார்? என்ன எழுதினா?”

“நல்லாத்தாம்மா எழுதினா” என்று சொல்லிவிட்டு அவர் வேறு பக்கம் பார்த்தார். அந்தப் பார்வையைப் பாவாயி அன்று கவனித்திருக்க வேண்டும். கேட்க விரும்பியதைக் கேட்டுவிட்ட காதில் மற்றது எங்கே விழும்?

வீராயியிடமும் மற்ற அம்மாக்களிடமும் போய்ச் சொன்னாள். தன்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போனாள். யாரும் திட்டவில்லை. “மத்தியானச் சோறு கெடைக்குதில்ல. கதவைச் சாத்தி ஊட்டுல போட்டதுக்கு இது தேவலை. நீ பேசி அதையும் மூடி வெச்சிராத தாயி” என்றாள் ஒருத்தி. வீராயி மட்டும் மறுநாளிலிருந்து பாவாயியைக் கண்டால் வேறு தடத்தில் போனாள்.

கடைசியில் பாவாயி மகளை நிறுத்தவில்லை. எழுதுகிறாள் என்கிறார்களே, அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் சாபம் கிடந்து அரித்தது. நகச்சுத்து ஆறி, விரல் நுனி கறுத்துக் கோணிக்கொண்டது. தூற்றின சாபத்தைத் திரும்ப வாங்க மலையில் ஒரு வழி சொல்வார்கள். எந்த இடத்து மண்ணைத் தூற்றினாயோ அந்த இடத்து மண்ணில் ஒரு பிடியை முடிந்துகொண்டு போய்ச் சாமி முன்னால் வைத்து, ‘சொன்ன சொல்லை வாங்கிக்கறேன்’ என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் முடியாது. இவருக்கு வேண்டாம், அவருக்கு இருக்கட்டும் என்று பிரிக்க முடியாது. வாங்கினால் மொத்தமாக வாங்க வேண்டும். சாபம் என்ன காப்பிக் கொட்டையா, நல்லது வேறு கெட்டது வேறு என்று பொறுக்கிப் போட?

வைகாசி நோம்பிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு மலை ஏறினாள். மடியில் இரண்டு முடிச்சு: ஒன்றில் களத்து மண், இன்னொன்றில் பிள்ளை கட்டி வைத்த பீபெரி. குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். முன்னும் பின்னும் நெரிசல். சாமி முன்னால் இரண்டு முடிச்சையும் வைத்து, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

“சொன்ன சொல்லை வாங்கிக்கறேன் சாமி. ஆரா இருந்தாலும் வாங்கிக்கறேன். ரைட்டரா இருந்தாலும், வாத்தியாரா இருந்தாலும். என்ற பிள்ளை கையை உட்டுரு.”

மூன்று தரம் சொல்லி முடித்துக் கையை இறக்கினால், பிள்ளையின் கை அங்கே இல்லை.

வெளியே அதே பனி, அதே கூட்டம். மைக்கில் யாரோ யார் பிள்ளையையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாவாயி ராட்டினத்துக்கும் பொரிக்கடைக்கும் நடுவே அலைந்தாள். ஆனால் போன தடவை மாதிரி உயிர் போகவில்லை. இப்போது எழுதத் தெரியும், எழுதிக் காட்டிவிடுவாள், பேர் எழுதினால் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே ஓடினாள்.

போலீஸ் கொட்டகையில் பிள்ளை பெஞ்சு மேல் உட்கார்ந்திருந்தாள். பாவாயிக்கு உயிர் வந்தது. பக்கத்தில் ரைட்டர் சேகர் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“உம் பொண்ணாம்மா? பேரு ஊரு கேட்டா ஒண்ணும் சொல்லல. எழுதத் தெரியுமான்னு சாக்பீசைக் குடுத்தேன். இந்தப் பலகையில படக்குனு எழுதிட்டா. அதப் பாத்துத்தான் அன்னதானப் பந்தல்ல இருந்த எஸ்டேட் ரைட்டரைக் கூப்பிட்டேன்” என்றார் போலீஸ்காரர்.

“பாத்தியா பாவாயி” என்று சிரித்தான் சேகர். “எழுத்துதான் உம் பொண்ணைக் காப்பாத்திச்சு.”

பாவாயி பலகையைப் பார்த்தாள். யாரும் படித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே எழுத்து அது. செம்பாறை எஸ்டேட். மூட்டையில் இருக்கிற மாதிரியே, தகட்டு அச்சில் எழுத்துக்கு நடுநடுவே விழுகிற இடைவெளிகூடத் தப்பாமல். ஆபீசர் சாக்பீசைக் கொடுத்தபோது பிள்ளையின் கண்ணுக்கு முன்னால் வேறு என்ன எழுத்து இருந்தது? அதை எழுதினாள், கை தட்டினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். சாக்பீசைக் கொடுத்தால் எல்லோரும் கேட்பது அதைத்தான் என்று பிள்ளை முடிவு பண்ணிக்கொண்டாள்.

அத்தாயி அம்மாவின் முந்தானையை இழுத்துப் பலகையைக் காட்டினாள். முதுகைத் திருப்பிக்கொண்டு, தட்டிக் கொடுப்பதற்காகக் காத்து நின்றாள்.

பாவாயிக்குள் என்னவோ அறுந்தது. இவர்கள் எல்லோரையும் இப்போதுதானே, இந்த வாயால்தானே மன்னித்துவிட்டு வந்தாள். குனிந்து தரையில் ஒரு பிடி மண்ணை வாரினாள். கை ஓங்குவதற்குள் பக்கத்தில் பார்த்தாள். அத்தாயியும் குனிந்து, கோணின விரலோடு ஒரு பிடி மண்ணை வாரி வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவள் கையையே பார்த்தபடி நின்றாள். ஒரு தடவை பார்த்தால் போதும், அந்த வேலை அவள் கைக்கு வந்துவிடும்.

பாவாயி மண்ணைக் கீழே விட்டாள். பிள்ளையின் கையை விரித்து, ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டாள். முதுகில் ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்தாள். பிறகு சேகரைப் பார்த்து, “நொம்ப நல்லதுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

அத்தாயியும் கும்பிட்டாள்.